தண்ணியில்லாக் காட்டில் ஒரு வீட்டுத் தோட்டம்

அரசு அலுவலகங்களில் ஒரு பழைய பேச்சு உண்டு. மேலதிகாரிக்குச் சினம் மிகுந்தால், "உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்பாராம். அந்தக் காடு எது என்று எவரும் விளக்கிச் சொன்னதில்லை. கேட்டவர்கள் பெரும்பாலும் இராமநாதபுரம் மாவட்டத்தையே நினைத்துக்கொண்டனர். அம்மாவட்டத்தின் கரிசல் பகுதியாகிய முதுகுளத்தூரில், வீட்டின் பின்புறம் உள்ள மூன்று சென்ட் நிலத்தில் காய்கறித் தோட்டம் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பேணி வருகிறேன். நான் வேளாண்மையை முறையாகப் பயின்றவன் அல்லன். ஓய்வு நேரத்தில் மண்வெட்டி பிடிப்பவன். ஆயினும் அன்றன்று கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தமையால், இவ்வூரின் பருவங்களைப் பற்றிச் சில உண்மைகள் எனக்குத் தெளிவாயின. அவற்றை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மழை குறைவா, மழைநாள் குறைவா?

நம் மாவட்டத்தில் ஓராண்டில் பெய்யும் மழையின் சராசரி ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். இலண்டன் மாநகரில் ஓராண்டில் பெய்வதோ ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். அப்படியிருக்க, அங்கே புல்வெளி ஆண்டு முழுவதும் பசுமையாக இருப்பதும், இங்கே சித்திரையில் மண் பிளந்து கிடப்பதும் ஏன்? அங்கே மழை பன்னிரண்டு மாதங்களிலும் சிறுகச் சிறுகப் பெய்கிறது. வெயில் மெலிந்திருப்பதால் ஆவியாகும் நீரும் குறைவு. இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில நாட்களில், கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் வெயில் குடிக்கும் நீர், வானம் தரும் நீரைவிட மிகுதி.

இதனோடு மற்றொரு செய்தியையும் சேர்த்து எண்ண வேண்டும். அதுதான் உப்பு. எங்கள் கிணற்று நீர் மார்கழியில் வாயில் வைக்கும்படி இருக்கும். மாசியில் சற்றே கரிக்கும். வைகாசியில் துணி துவைக்கவும் ஆகாது. கரிக்கும் நீரைப் பாத்திக்கு ஊற்றினால் நீர் ஆவியாகிப் போகும். உப்பு மட்டும் மண்ணில் தங்கும். மழை வந்தால்தான் அந்த உப்பு கரைந்து கீழே இறங்கும். ஆகவே, இவ்வூர்த் தோட்டத்தின் பருவங்களை வகுப்பவை வெயிலும் பனியும் மட்டும் அல்ல; நீர் வரும் நாள், நீர் கரிக்கத் தொடங்கும் நாள் என்னும் இரண்டுமே முதன்மையானவை. இதுவே நான் கற்ற முதற்பாடம்.

தொல்காப்பியர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார் என்பதைத் தமிழ் பயிலும் மாணவர்கள் நன்கறிவர். அந்த வரிசையிலேயே என் தோட்டத்தின் ஓராண்டைக் கூறுகிறேன்.

கார்: ஆவணி, புரட்டாசி

பெயரளவில் இது மழைக்காலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவுக்கு இது பொருந்தும். தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரை அம்மலையில் இறக்கிவிட்டு வறண்ட காற்றாகவே நம்மை வந்தடைகிறது. நமக்குக் கிடைப்பது மாலை நேரத்து இடிமழை ஒன்றிரண்டே.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழியை நாம் அனைவரும் அறிவோம். ஆற்றுப் பாசனமோ தென்மேற்கு மழையோ உள்ள இடத்தில் அது பொன்மொழி. ஆனால் முதுகுளத்தூர்க் காட்டில் உழவர்கள் ஆடியில் விதைப்பதில்லை. புரட்டாசியில் புழுதி உழவு உழுது, காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு, மழைக்குக் காத்திருக்கின்றனர். மழை விழுந்ததும் விதை முளைக்கும். ஒரு நாள் ஈரமும் வீணாகாது. பழமொழியை மனப்பாடம் செய்தவர்கள் அல்லர் இவர்கள். தம் நிலத்தின் வானத்தைப் படித்தவர்கள்.

அவர்களைப் பின்பற்றி நானும் ஆவணிக் கடைசியில் நாற்று விடுகிறேன். கத்தரி, மிளகாய், தக்காளி ஆகிய மூன்றும் நாற்றங்காலில் ஒரு மாதத்துக்கு மேல் வளர வேண்டும். ஐப்பசி மழையில் நடுவதற்கு நாற்று ஆயத்தமாக இருக்க வேண்டுமானால் அதற்கு முன்பே விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். இளநாற்று உப்பைத் தாங்காது. ஆதலின் நாற்றங்காலுக்கு மட்டும் நல்ல நீர் தேவை. அகன்ற மண்சட்டி இரண்டில் நாற்று விட்டு வேப்பமர நிழலில் வைத்தால், நாளொன்றுக்கு இரண்டு செம்பு நீர் போதும்.

இக்காலத்தின் மற்றொரு வேலை பனங்கிழங்குப் பாத்தி. ஆடி, ஆவணியில் விழும் பனம்பழங்களின் கொட்டைகளைச் சேர்த்து, கிளறிய மண்ணில் நெருக்கமாக அடுக்கி மேலே மண் மூடுகிறேன். செலவில்லாத இப்பயிருக்கு நீர் பாய்ச்ச வேண்டியதில்லை. வருகின்ற மழையே போதும்.

கூதிர்: ஐப்பசி, கார்த்திகை

இவ்வூருக்கு உண்மையான கார்காலம் இதுவே. வங்கக்கடல் மேகங்கள் வந்து சேர்கின்றன. ஆறு மாதம் வெடித்துக் கிடந்த கரிசல் நீரைக் குடித்து உப்புகிறது, வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. அதன் பின்னர் நீர் உள்ளே இறங்குவது மிக மெதுவாகிறது. வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ காற்றும் அவ்வளவு தேவை. தேங்கிய நீரில் நிற்கும் செடி, நீரின் நடுவிலேயே வாடிச் சாகும். எனவே கரிசலில் பாத்தியைப் பள்ளமாக அமைத்தல் தகாது. ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, இடையே வாய்க்கால் விட வேண்டும்.

எந்த நாளில் நடுவது என்பதை எனக்குக் கற்பித்தவர் பக்கத்து வீட்டு அப்பத்தா. "மழை விழுந்த மறுநாளே மண்ணுல எறங்காதீங்க தம்பி. மண்ணு காலுல ஒட்டாம வர்ற அன்னிக்கு நடுங்க" என்றார். ஈரக் கரிசலை மிதித்தால் அது செங்கல் போல் இறுகிவிடும் என்று மண்ணியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

மழைநீரைச் சேர்க்கவும் இதுவே காலம். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 50 சதுர மீட்டர்க் கூரையில் 400 மில்லிமீட்டர் பெய்தால் 20,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் 16,000 லிட்டர் எஞ்சும். நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம் செலவிட்டாலும் ஐந்து மாதங்களுக்கு வரும் நீர் இது. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியது. அதைச் சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதைவிட, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துச் செய்வது மேல். என் தொட்டியில் அவ்வளவு நீரும் அடங்காது. அடங்காததைக் கிணற்றோரக் குழியில் விடுகிறேன். கிணற்று நீர் இனிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மழை எப்போதும் அளவோடு வருவதில்லை. 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. மாறாக, 2024 நவம்பர் 20ஆம் நாள் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இவ்விரு கோடிகளுக்கும் இடையில்தான் நம் மாவட்டத்துத் தோட்டக்காரன் திட்டமிட வேண்டியுள்ளது. மேட்டுப்பாத்தி பெருமழைக்குக் காப்பு. சேர்த்து வைத்த நீர் மழையின்மைக்குக் காப்பு. இரண்டும் வேண்டும்.

முன்பனி: மார்கழி, தை

ஆண்டு முழுவதும் பட்ட பாட்டுக்குத் தோட்டம் கைம்மாறு செய்யும் காலம் இது. மண்ணில் ஈரம் உண்டு, உப்பு கீழே இறங்கியிருக்கிறது, வெயில் தணிந்திருக்கிறது. கத்தரி, தக்காளி, வெண்டை, முள்ளங்கி, கொத்தமல்லி, கீரைகள் எல்லாம் ஒருங்கே வரும். ஒரு குடும்பம் சந்தையில் காய் வாங்காமலேயே பல நாள் இருக்கலாம்.

பந்தல் அவரை எனக்கு வியப்பளித்த செடி. முன்னதாக ஊன்றினாலும் பின்னதாக ஊன்றினாலும், நாட்டு அவரை மார்கழியை ஒட்டியே பூக்கத் தொடங்குகிறது. இதன் காரணத்தை விளக்கியவர்கள் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர்கள். பகல், இரவு நீளத்தைக் கொண்டே பல செடிகள் பூக்கும் காலத்தை அறிகின்றன என்று அவர்கள் 1920ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. நாம் கவனிக்காத அந்த வேறுபாட்டை அவரைக் கொடி கவனிக்கிறது!

தைப் பொங்கலுக்கு முன் பனங்கிழங்குப் பாத்தியைத் தோண்டுகிறோம். வீட்டுப் பிள்ளைகள் தாமாகவே தோட்டத்துக்கு வருவது அன்றுதான். பனியோடு அசுவினிப் பூச்சியும் வரும். ஐந்து விழுக்காடு வேப்பங்கொட்டைக் கரைசலை மாலையில் தெளித்தால் பெரும்பாலும் அடங்கும்.

பின்பனி: மாசி, பங்குனி

காலையில் பனி, நண்பகலில் வெயில். இக்காலத்தில் நம் வட்டாரத்தின் களங்களெல்லாம் செந்நிறமாகும். முண்டு மிளகாய் காயும் காட்சியைக் காணாத முதுகுளத்தூர் மாணவர் இருக்க முடியாது. இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது நமக்குப் பெருமை.

இங்கே ஒரு புதிரைக் கூற விரும்புகிறேன். செடிகள் உப்பைத் தாங்கும் திறனை, மண்சாற்றின் மின்கடத்துதிறனைக் கொண்டு அளக்கின்றனர். மீட்டருக்கு இத்தனை டெசிசீமன் என்பது அதன் அலகு. பீன்சு 1.0, மிளகாய் 1.5, தக்காளி 2.5, பீட்ரூட் 4.0 என்ற எல்லைகளைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். இப்பட்டியலின்படி மிளகாய் உப்புக்கு எளிதில் வாடும் பயிர். அப்படியானால் உப்புநீர் நாடாகிய நம் மாவட்டம் மிளகாய்க்குப் புகழ்பெற்றது எப்படி?

விடை, பயிரிடும் காலத்தில் இருக்கிறது. நம் உழவர்கள் முண்டு மிளகாயைப் பெரும்பாலும் கிணற்று நீரில் வளர்ப்பதில்லை, மானாவாரியாக வளர்க்கின்றனர். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த செடி, மழை உப்பைக் கழுவிய மண்ணில் வேர்விடுகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கும் கரிசலின் துணையால் மாசி, பங்குனி வரை காய்க்கிறது. உப்பை வெல்லும் செடியை அவர்கள் தேடவில்லை. உப்பு இல்லாத மாதங்களைத் தேடிப் பிடித்தனர். வீட்டுத் தோட்டத்துக்கும் இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

எனவே மாசி பிறந்ததும் புதிய செடி எதையும் நான் நடுவதில்லை. இருக்கும் செடிகளின் அடியில் வைக்கோல், சருகு, கரும்புத் தோகை ஆகியவற்றை நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்காக இடுகிறேன். மூடாக்கிட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். இடாத பாத்தியில் பங்குனிக்குள் வெண்ணிற உப்புப் படலம் பூத்தது. இட்ட பாத்தியில் விரலை விட்டால் ஈரம் தட்டியது. நல்ல காய்களை விதைக்கு விடுவதும் இப்போதுதான்.

இளவேனில்: சித்திரை, வைகாசி

இலக்கியத்தில் இது இன்பப் பொழுது. முதுகுளத்தூரில் இது கத்திரி வெயில். தக்காளி இக்காலத்தில் பூக்கும், ஆனால் காய்க்காது. பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, இரவும் குளிராதபோது அதன் மகரந்தம் வலுவிழக்கிறது, பூ உதிர்கிறது. உரமும் நீரும் எவ்வளவு தந்தாலும் இதை மாற்ற முடியாது.

இப்போது ஒரு கேள்வி எழும். குடிநீருக்கே மக்கள் குடத்தோடு காத்திருக்கும் ஊரில், செடிக்கு நீர் ஊற்றுவது அறமா? திருச்சிராப்பள்ளி அருகே காவிரிப் படுகையில் எடுக்கப்பட்டு, நெடுந்தொலைவு குழாயில் வந்து சேரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரை, பலர் நம்பி வாழும் நீரை, கத்தரிச் செடிக்கு ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே கோடையில் தோட்டத்தை இரண்டு பாத்திகளாகச் சுருக்கிவிடுகிறேன். அவ்விரண்டுக்கும் அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், மழைத்தொட்டியில் எஞ்சிய நீர் ஆகியவை மட்டுமே. சோப்பு நீர் கலந்த குளியலறை நீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகிறது. ஒரு முறை பயன்பட்ட நீரை மறுமுறை பயன்படுத்துவதில் யாருடைய குடமும் குறைவதில்லை.

குறைந்த நீரை நிறைந்த பயனாக்கப் பானைப் பாசனம் உதவுகிறது. பூச்சில்லாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தால், அதன் நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசிந்து வேரை அடையும். சீன நாட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஃபான் ஷெங்சி எழுதிய வேளாண்மை நூலிலேயே இம்முறை இடம்பெற்றுள்ளது. நம் ஊர்க் குயவரின் பானையே இதற்குப் போதும். ஒரு பானையைச் சுற்றி நான்கு கொத்தவரைச் செடிகள் கோடையைக் கடந்துவிடுகின்றன. முருங்கைக்கு அதுவும் வேண்டாம். எல்லாச் செடிகளும் சோர்ந்த நாளிலும் ஒரு கைப்பிடிக் கீரை தருவது முருங்கை ஒன்றே.

முதுவேனில்: ஆனி, ஆடி

காற்று மண்ணை வாரி இறைக்கும் காலம். தோட்டம் ஓய்ந்திருக்கும், தோட்டக்காரனுக்கு ஓய்வில்லை. வேப்பம்பழம் உதிர்வது இப்போதுதான். பொறுக்கிக் கழுவி நிழலில் உலர்த்தினால் மார்கழிக்கு வேண்டிய பூச்சிமருந்து ஆயத்தம். வெடித்த மண்ணின் பிளவுகளில் மட்கிய ஆட்டு எருவையும் சருகையும் தள்ளிவிடுகிறேன். முதல் மழையில் மண் மூடிக்கொள்ளும்போது எரு தானே அடிமண்ணைச் சேர்கிறது. உழவின்றியே உரமிடும் இம்முறையைக் கரிசல் தானே கற்றுத் தருகிறது. ஆடுகள் நுழையாதபடி முள் படலைச் சீராக்குவதும் இம்மாத வேலை. நம் நிலங்களை ஆக்கிரமித்த சீமைக் கருவேலம் வேலிக்கு முள்ளாகவாவது பயன்படட்டும்!

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கவும் இதுவே ஏற்ற நேரம். இராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் உள்ளது. உவர் நிலத்தின் சிக்கல்களை ஆராயும் நிலையம் நம் மாவட்டத்திலேயே இருப்பதை மாணவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

ஓராண்டின் ஆறு பொழுதுகளில் இவ்வூர்த் தோட்டம் முழுமையாக விளைவது நான்கைந்து மாதங்களே. எஞ்சிய மாதங்கள் சேமிக்கவும் காக்கவும் ஆயத்தம் செய்யவும் உரியவை. இது குறையன்று. பனி பெய்யும் ஐரோப்பிய நாடுகளில் தோட்டம் குளிர்காலத்தில் உறங்குகிறது. நம் தோட்டம் கோடையில் உறங்குகிறது. உறக்கத்தின் காலம் வேறு, அவ்வளவே. கோடையில் பசுமை காண வேண்டும் என்று உப்புநீரை இறைத்து மண்ணைக் கெடுப்பதைவிட, ஐப்பசியின் ஒரு துளியையும் விடாமல் பிடிப்பதே அறிவுடைமை.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். நேரான சுவருள்ள ஒரு தகர டப்பாவை வெட்டவெளியில் வைத்து, மழை பெய்த நாளில் அதில் நின்ற நீரை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். மாதம் ஒரு முறை உங்கள் கிணற்று நீர் எவ்வளவு கரிக்கிறது என்று குறியுங்கள். எந்தச் செடி எந்த வாரத்தில் பூத்தது என்று பதியுங்கள். இவ்வாறு மூன்றாண்டுப் படிப்புக் காலத்தில் மூன்று பருவமழைகளின் பதிவு உங்கள் கையில் இருக்கும். வேறு ஊருக்காக எழுதப்பட்ட நாட்காட்டி நமக்குப் பாதிதான் உதவும். மீதியை நம் மண்ணிலிருந்து நாமே எழுதிக்கொள்ள வேண்டும். வருகின்ற ஆவணியில் இரண்டு மண்சட்டிகளோடு தொடங்குங்கள்.